காற்றாடிக் கம்பத்தில் சோலார் பேனல் மாட்டலாமா?

காற்றாடி போட்ட உழவர்களும் போட நினைக்கிற உழவர்களும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “ஏனுங்கண்ணா, டவருதான் நட்டாச்சே. அதுலயே ரெண்டு சோலார் பேனலையும் மாட்டிட்டா இன்னொரு கம்பம் மிச்சம், இடமும் மிச்சம், இல்லீங்களா?” கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஒரே கம்பம், ஒரே குழி, ஒரே கேபிள். மேலே காற்று, கீழே வெயில்.

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய பேனல், எந்த உயரம், எந்தச் சாய்வு, எந்த ஊர்க் காற்று என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கணக்கு பெரிய கணக்கு இல்லை. நாலாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும். என் தோட்டம் உடுமலைப் பக்கம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து விழுகிற இடத்தில் இருக்கிறது. 1 கிலோவாட் காற்றாடி, 12 மீட்டர் டவர், இரண்டு பேனல் வைத்திருக்கிறேன். அதை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றும் வெயிலும் ஏன் சேர வேண்டும்?

நம்ம தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவம் என்றால் கணவாய்களுக்குக் கொண்டாட்டம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய நாலு கணவாய் வழியாகவும் வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை காற்று அடிக்கும். அந்த மாதங்களில் மேற்கே மேகம் கட்டிக்கொள்வதால் வெயில் குறையும். தை முதல் சித்திரை வரை தலைகீழ். காற்று படுத்துவிடும், வெயில் கொளுத்தும். ஒன்று ஓயும்போது இன்னொன்று கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் பேட்டரி சின்னதாகப் போதும் என்பதுதான் இந்தக் கூட்டின் அடிப்படை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இரண்டுமே சோர்ந்து போகும். அந்த நாட்களுக்குத்தான் பேட்டரியைக் கணக்குப் போட வேண்டும்.

வரவு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 1 கிலோவாட் சோலார் நம்ம ஊரில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 முதல் 5 யூனிட் தரும். இறக்கை வட்டம் 3 மீட்டர் உள்ள 1 கிலோவாட் காற்றாடி, ஆண்டுச் சராசரிக் காற்று நொடிக்கு 5 மீட்டர் இருந்தால், சுமார் 5 யூனிட் தரும். அதே காற்றாடிக்குக் காற்று நொடிக்கு 4 மீட்டர்தான் என்றால் பாதியாகிவிடும். காற்றின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் மின்சாரம் நிறையக் குறையும். வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்குதான். காற்றாடியை உயரத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

காற்றாடிக்கு உயரம் வேண்டும். பேனலுக்கு உயரமே வேண்டாம், வெயில் மேலேயும் கீழேயும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்குள் போவோம்.

முதல் கணக்கு: காற்று தள்ளுகிற பாரம்

ஒரு சதுர மீட்டர் தட்டையான பரப்பில் காற்று எவ்வளவு பாரமாக அழுத்தும்? காற்றின் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.06-ஆல் பெருக்கினால், ஏறக்குறைய எத்தனை கிலோ பாரம் என்று கிடைக்கும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று: சதுர மீட்டருக்கு சுமார் 17 கிலோ.
மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று: சுமார் 68 கிலோ.
மணிக்கு 140 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 39 மீட்டர்: சுமார் 93 கிலோ.
மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 50 மீட்டர்: சுமார் 153 கிலோ.

வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நாலு மடங்காகிறது, கவனியுங்கள். கடைசி இரண்டு எண்களையும் நானாக எடுக்கவில்லை. கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, ஒவ்வொரு பகுதிக்கும் அடிப்படைக் காற்று வேகம் கொடுத்திருக்கிறது. கோவை, மதுரைக்கு நொடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50. “எங்க ஊர்ல அவ்வளவு காத்து நான் பார்த்ததே இல்லை” என்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வருகிற வரைக்கும் டெல்டாவில் தென்னை வைத்திருந்தவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டவர் இருபது ஆண்டு நிற்க வேண்டிய பொருள். அந்த இருபது ஆண்டில் வருகிற ஒரே ஒரு மோசமான நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

இப்போது பேனலுக்கு வருவோம். 335 வாட் பேனல் ஒன்று சுமார் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 22 கிலோ எடை. இரண்டு பேனல் என்றால் 4 சதுர மீட்டர். 44 கிலோ எடை டவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பலரும் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். “44 கிலோதானே, ஒரு ஆள் ஏறினாலே அதைவிடப் பாரம்” என்று நினைக்கிறார்கள். டவரை வீழ்த்துவது எடை இல்லை, காற்று. தட்டையான பலகைக்கு 1.2 என்று ஒரு பெருக்கும் உண்டு. 93 × 4 × 1.2 போட்டால் சுமார் 446 கிலோ. நொடிக்கு 39 மீட்டர் காற்று நேராக முகத்தில் அறைந்தால் இரண்டு பேனலும் டவரைத் தள்ளுகிற பாரம் இவ்வளவு.

அந்தப் பாரம் எந்த உயரத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். கடப்பாரை நெம்புகிற கதைதான். 3 மீட்டர் உயரத்தில் தள்ளினால் அடிக்கு வருகிற நெம்பல் ஒரு மடங்கு என்றால், 9 மீட்டர் உயரத்தில் அதே பாரம் மூன்று மடங்கு நெம்பும்.

காற்றாடி ஒதுங்கிக்கொள்ளும், பேனல் ஒதுங்காது

“அப்ப காற்றாடி மட்டும் காத்துல தள்ளாதா?” தள்ளும். 3 மீட்டர் வட்டம் என்றால் 7 சதுர மீட்டர் பரப்பு. நொடிக்கு 12 மீட்டர் காற்றில், காற்றாடி முழு வேலை செய்துகொண்டிருக்கும்போது, அது டவர் உச்சியைத் தள்ளுகிற பாரம் சுமார் 50 கிலோ. அதே 12 மீட்டர் காற்றில் நம்ம இரண்டு பேனலை நிமிர்த்தி வைத்திருந்தால் அவை தள்ளுவது சுமார் 42 கிலோ. அதாவது இரண்டு பேனலை மாட்டுவதும் ஏறக்குறைய இன்னொரு காற்றாடியை அதே டவரில் மாட்டுவதும் ஒன்றுதான்.

வித்தியாசம் அதற்கு மேல் போனால் தெரியும். காற்று முற்றினால் சின்னக் காற்றாடியின் வால் மடங்கி, முகத்தைக் காற்றுக்கு ஒதுக்கிக்கொள்ளும். செய்தவர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். டவரைக் கணக்குப் போட்டவரும் அந்த ஒதுங்கலை நம்பித்தான் போட்டிருப்பார். பேனலுக்கு வால் இல்லை. புயல் வந்தாலும் விறைப்பாக நின்று முழுக் காற்றையும் வாங்கும். டவர் கணக்கில் அந்தப் பாரம் இல்லவே இல்லை.

பேனலைச் சாய்த்து மாட்டினால்?

நம்ம ஊர் அட்சரேகை 8 முதல் 13 டிகிரி. பேனலைத் தெற்கே பார்த்து அதே 8 முதல் 13 டிகிரி சாய்த்தால் ஆண்டு முழுவதும் நல்ல வரவு. கிட்டத்தட்டப் படுத்த மாதிரிதான். அந்தச் சாய்வில் காற்றின் பக்கவாட்டுத் தள்ளல் வெகுவாகக் குறைந்துவிடும். மேலே சொன்ன 446 கிலோவில் பக்கவாட்டில் தள்ளுவது சுமார் 85 கிலோதான். நல்லதுதானே? ஆனால் மீதி எங்கே போச்சு? மேல்நோக்கித் தூக்குகிற பாரமாக மாறிவிடும். சுமார் 438 கிலோ தூக்கல். ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று இதே வேலையைத்தான் செய்கிறது.

டவர் உச்சியில் காற்றாடி உட்கார்ந்திருப்பதால் பேனலை நடுவில் வைக்க வழியில்லை. ஒரு பக்கமாகக் கை நீட்டித்தான் மாட்ட வேண்டும். டவரிலிருந்து பேனலின் நடுப்பகுதி 1.2 மீட்டர் தள்ளியிருந்தால், 438 கிலோ தூக்கலும் அந்த 1.2 மீட்டர் கையைப் பிடித்து டவரை ஒரு பக்கமாக முறுக்கி வளைக்கும். தராசில் ஒரு தட்டில் மட்டும் பாரம் வைத்தது மாதிரி.

இரண்டாம் கணக்கு: நிழல்

இது நம்ம ஊருக்கே உரிய கணக்கு. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து மாட்டுகிறவர்களுக்குத் தெரியாது.

பேனலைத் தெற்குப் பக்கம் மாட்டினால் நிழலே விழாது என்று எல்லாரும் நினைக்கிறோம். வட நாடுகளில் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும், அங்கே அது சரி. நம்ம ஊரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிப் பொழுதில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நம்பாவிட்டால் ஆனி மாதத்தில் களத்தில் ஒரு குச்சியை நட்டு, பகல் 12.20 வாக்கில் பாருங்கள். நிழல் தெற்கே விழும். நாகர்கோவில் பக்கம் இது சில நாள் முந்தித் தொடங்கிப் பிந்தி முடியும். சென்னைப் பக்கம் பிந்தித் தொடங்கி முந்தி முடியும்.

ஆக, அந்த நாலு மாதமும் உச்சிப் பொழுதில் டவரின் நிழலும், சுற்றுகிற இறக்கையின் நிழலும், டவரின் தெற்குப் பக்கம் மாட்டிய பேனல் மேலேயே விழும். ஆனி மாத உச்சி வெயிலில் 10 மீட்டர் உயரத்துக்கு சுமார் 2.2 மீட்டர் நிழல் தெற்கே நீளும்.

“பைப்பு ஆறங்குலம்தானே, நிழல் எவ்வளவு விழுந்துடும்?” என்று கேட்கலாம். பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. வழக்கமான பேனலில் மூன்று கோர்வை. ஒரு கோர்வையில் ஒரே ஒரு செல் நிழலில் மாட்டினாலும் அந்தக் கோர்வை முழுக்கப் படுத்துவிடும், பேனலின் வரவில் மூன்றில் ஒரு பங்கு போகும். சொட்டுநீர்க் குழாயில் தொடக்கத்திலேயே அடைத்தால் அந்த வரிசை முழுவதும் காய்வது போலத்தான். இறக்கையின் நிழல் இன்னும் தொல்லை. அது வந்து வந்து போகும். சார்ஜ் கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் சரியான அளவைத் தேடித் தேடித் தடுமாறும்.

பேனலை டவரோடு ஒட்டி நிமிர்த்தினால்?

ஸ்பெயினில் ஒரு செய்தி உண்டு. 2021-இல் ஆக்சியோனா நிறுவனம் அல்பாசெதே மாகாணத்தில் உள்ள பிரேன்யா காற்றாலையில், ஒரு டவரைச் சுற்றி 120 பேனல்களை ஒட்டியது. கண்ணாடிப் பேனல் இல்லை. தாள் மாதிரி மெல்லியதாக வளைகிற பேனல். டவரின் வளைவோடு ஒட்டிக்கொள்வதால் காற்றுக்குக் கூடுதலாக முகம் காட்டாது. மொத்தமே 9.36 கிலோவாட். பெரிய காற்றாலை ஒன்றுக்கு இது சுண்டைக்காய். காற்று இல்லாத நேரத்தில் காற்றாலையின் உள்கருவிகளுக்குத் தேவையான மின்சாரத்தை அதிலிருந்தே எடுக்கலாமா என்று பார்க்கிற சோதனை அது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, பெரிய டவர்க்காரர்களே கண்ணாடிப் பேனலைக் கை நீட்டி மாட்டவில்லை. இரண்டு, அவர்கள் அதைக் காற்றாலையின் சொந்தச் செலவுக்குத்தான் வைத்தார்கள். நம்ம நாட்டில் 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த காற்று-சூரிய கூட்டு மின்சாரக் கொள்கையிலும், கூட்டு என்றால் பெரும்பாலும் காற்றாலைகளுக்கு இடையே தரையில் பேனல் போடுவதுதான்.

ஸ்பெயினுக்குச் சரிப்படும் நிமிர்ந்த பேனல் நமக்குச் சரிப்படாது. அங்கே சூரியன் தாழ்ந்து நிற்கும், சுவரிலும் வெயில் அடிக்கும். இங்கே சூரியன் தலைக்கு மேலே. அதோடு, சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாகவே போவதால், தெற்கே பார்த்து நிமிர்ந்து நிற்கிற பேனலின் முகத்தில் நேர்வெயில் காலையிலிருந்து மாலை வரை ஒரு நிமிடம்கூடப் படாது. நாலு மாதம் சும்மா தொங்கும். காற்றின் பாரத்தை மட்டும் வாங்கும்.

ஒரு நண்பர் தோட்டத்தில்

பெயர் வேண்டாம். காற்றாடி மாட்டிக்கொடுத்த ஆட்களே, “டவர் தாங்குங்க” என்று சொல்லி, 7 மீட்டர் உயரத்தில் இரண்டு பேனலைக் கொஞ்சம் நிமிர்த்தலாக மாட்டிவிட்டுப் போனார்கள். ஆடி மாதம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. அம்மியையே தூக்குகிற ஆடிக் காற்றுக்குத் தாங்கிவிட்டது என்று நண்பருக்குப் பெருமை.

தாங்கியதற்குக் காரணம் வேறு. நம்ம பக்கம் ஆடிக் காற்று மேற்கேயிருந்து வருகிறது. பேனல் தெற்கே பார்க்கிறது. அதனால் காற்று பேனலின் விளிம்பில் பட்டு வழுக்கிப் போய்விடும், முகத்தில் அறையாது. அடுத்த சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் ஒரு சூறை வந்தது. கோடைச் சூறைக்குத் திசை கிடையாது. அன்றைக்கு வடக்கேயிருந்து வந்து பேனலின் முதுகில் புகுந்து தூக்கியது. வடக்குப் பக்க ஸ்டே கம்பியின் அடிக்கட்டை மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. டவர் தெற்கே சாய்ந்து, மாட்டுக் கட்டுத்தறியின் கூரைமேல் படுத்தது. மாடுகள் அப்போது மேய்ச்சலில் இருந்தன. அந்த நேரத்தில் வழக்கமாகச் சாணி அள்ளுகிற நண்பரின் அம்மா, மழை வருகிறது என்று காயப்போட்ட மிளகாயை அள்ள வாசலுக்குப் போயிருந்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது, இல்லையா?

ஆடிக்குத் தாங்கியது என்பதால் சித்திரைக்குத் தாங்கும் என்று அர்த்தமில்லை. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். புயல் கடக்கும்போது காற்றின் திசை ஒரே இரவில் புரண்டுவிடும்.

நான் பரிந்துரைப்பது: தனிக் கம்பம்

“இடம் மிச்சமாகுமே” என்று சொல்கிறவர்களுக்கு: இரண்டு பேனலின் பரப்பு 4 சதுர மீட்டர். ஒரு தென்னம்பாத்தி அளவுகூட இல்லை. அதிலும் கம்பத்தின் மேல் தூக்கி வைப்பதால் அடியில் இடம் நமக்குத்தான். என் தோட்டத்தில் பேனல் நிழலில்தான் பஞ்சகவ்யப் பீப்பாயும் அமுதக் கரைசல் தொட்டியும் இருக்கின்றன. அவற்றுக்கு எப்படியும் நிழல் வேண்டும்.

கோவை, மதுரை மாதிரி உள்பகுதிக் காற்றுக்கு, இரண்டு பேனலுக்கான தனிக் கம்பம் இப்படி இருக்கலாம்:

1. கம்பம்: 4 அங்குல ஜிஐ பைப், மீடியம் ரகம். பேனலின் அடிவிளிம்பு ஆடு மாடு உரசாத உயரத்திலும், நின்றுகொண்டு துடைக்கிற உயரத்திலும் இருக்கட்டும். சுமார் இரண்டரை மீட்டர் போதும்.

2. குழி: 80 சென்டிமீட்டர் சதுரம், 1 மீட்டர் ஆழம். முழுக்கக் கான்கிரீட் போட்டால் சுமார் 1,500 கிலோ எடை. 438 கிலோ தூக்கலை இது பிடித்துக்கொள்ளும். கரிசல் மண் வெயிலில் வெடித்து மழையில் உப்பும். அங்கே இந்த ஆழம் போதாது. கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டு ஆழப்படுத்துங்கள். கடலோரத்தில் பாரம் ஒன்றரை மடங்குக்கும் மேல். பைப்பும் குழியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும்.

3. இடம்: டவருக்குத் தெற்கே குறைந்தது 4 மீட்டர் தள்ளி. 12 மீட்டர் டவரும் இறக்கையும் சேர்ந்தால் 13.5 மீட்டர் உயரம். ஆனி உச்சி வெயிலில் அதன் நிழல் தெற்கே 3 மீட்டர் வரைதான் வரும். வடக்கே மட்டும் வைத்துவிடாதீர்கள். மார்கழி உச்சிப் பொழுதில் அதே டவரின் நிழல் வடக்கே 9 மீட்டருக்கு மேல் நீளும்.

4. டவரைச் சாய்த்து இறக்கிப் பராமரிக்கிற வகை என்றால், அது படுக்கிற திசையில் பேனல் கம்பம் நிற்கக் கூடாது.

டவரில்தான் மாட்டியாக வேண்டும் என்றால்

சின்ன பேனலுக்கு நானே இடம் கொடுத்திருக்கிறேன். என் டவரில் இரண்டரை மீட்டர் உயரத்தில் 100 வாட் பேனல் ஒன்று இருக்கிறது. பரப்பு ஒரு சதுர மீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான். மின்வேலிக் கருவிக்கும் ஒரு விளக்குக்கும் அது போதும். அந்தப் பேனலுக்கு 39 மீட்டர் காற்றில் முழுப் பாரமே சுமார் 75 கிலோ, அதுவும் கீழே. மாட்டுவதற்கு என் விதிகள்:

டவர் செய்தவரிடம், உச்சியில் எத்தனை கிலோ தள்ளல் தாங்கும், கூடுதலாக எவ்வளவு மாட்டலாம் என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக “தாங்குங்க” என்பது பதில் இல்லை. எழுதித் தர மாட்டேன் என்றால் மாட்டவும் வேண்டாம்.

1 கிலோவாட் காற்றாடி டவரில் 1 சதுர மீட்டருக்கு மேல் பேனல் வேண்டாம்.

டவரின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் மாட்டுங்கள். ஸ்டே கம்பி எதிலும் பேனல் உரசக் கூடாது.

டவரில் ஓட்டை போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். ஓட்டை பைப்பின் பலத்தைக் குறைக்கும். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு கருகி, அந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். யூ போல்ட், பட்டைக் கிளாம்ப் போதும்.

காற்றாடி சுற்றும்போது டவர் முழுக்க ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். சாதாரண நட்டு தானாகக் கழன்றுவிடும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள். அந்த நடுக்கம் பேனலுக்குள் இருக்கிற செல்லிலும் கண்ணுக்குத் தெரியாத கீறலை உண்டாக்கும். பெரிய பேனலை டவரில் மாட்ட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை செய்கிற அன்றைக்கு அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது தொடங்குங்கள். காற்றாடியின் பிரேக்கைப் போட்டு, இறக்கை நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏணி வைக்க வேண்டும். தனியாள் வேலை வேண்டவே வேண்டாம்.

மின்சாரப் பக்கம் ஒரு எச்சரிக்கை

கம்பம் தனித்தனியாக இருந்தாலும் பேட்டரி ஒன்றாக இருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்தே ஹைப்ரிட் சார்ஜ் கன்ட்ரோலர் கிடைக்கிறது. ஆனால் சோலாரும் காற்றாடியும் ஒரே குணம் இல்லை. பேட்டரி நிறைந்துவிட்டால் சோலாரைத் துண்டித்துவிடலாம், பேனல் சும்மா இருக்கும். காற்றாடியை ஓடுகிறபோது துண்டித்தால் அதற்குச் சுமை இல்லாமல் போய், நுகத்தடி கழன்ற மாடு மாதிரி தறிகெட்டுச் சுற்றும். இறக்கை பிய்ந்து போகலாம். அதனால் காற்றாடிக்கு மட்டும், மிஞ்சுகிற மின்சாரத்தைச் சூடாக்கிக் கழிக்கிற ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். சோலார் கன்ட்ரோலரில் காற்றாடியை இணைக்கவே கூடாது.

நிறுத்த வேண்டுமென்றால் காற்றாடியிலிருந்து வருகிற மூன்று வயரையும் ஒன்றோடொன்று இணைக்கிற பிரேக் சுவிட்ச் உண்டு. காற்று முற்றிய பிறகு போடாமல், முற்றுவதற்கு முன்பே போடுங்கள்.

இடி மின்னலுக்கு டவர்தான் தோட்டத்திலேயே உயரமான இரும்பு. டவருக்கு எர்த் கம்பி போட்டு, பேனல் சட்டத்தையும் அதே எர்த்தோடு இணைத்துவிடுங்கள். பேனல் வயரை டவர் பைப்புக்குள் விடாமல் தனிக் குழாயில் கொண்டுபோங்கள். மின்னல் தடுப்புக் கருவி ஒன்றைக் கன்ட்ரோலருக்கு முன்னால் வைத்தால் ஒரு இடிக்கு எல்லாக் கருவியும் போகாமல் தப்பிக்கலாம்.

யாருக்குக் காற்றாடியே வேண்டாம்?

இதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கிற எதைக் காட்டிலும் காற்றாடி 9, 10 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். 15 மீட்டர் தென்னந்தோப்புக்கு நடுவில் 12 மீட்டர் டவர் நட்டால் அதில் காற்றாடி அழகுக்குத்தான் சுற்றும். கணவாய்க் காற்று வராத ஊர்க்காரர்களும், தோப்புக்காரர்களும் அந்தப் பணத்தில் பேனலை மட்டும் போட்டுக்கொள்வதுதான் லாபம். கிணற்று மோட்டாருக்கு என்றால் வேளாண் பொறியியல் துறையில் சோலார் பம்புசெட் மானியத்தைப் பற்றி முதலில் கேளுங்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய காற்றுசக்தி நிறுவனம் காற்றைப் பற்றிய அரசு ஆய்வு நிறுவனம். யாராவது வந்து “உங்க ஊர்ல காத்து பிரமாதம்” என்று விற்க வந்தால், எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

ஆண்டுக்கு மூன்று முறை

ஏற்கனவே டவரும் பேனலும் வைத்திருக்கிறவர்கள் பங்குனிக் கடைசியில், ஆனிக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் என்று ஆண்டுக்கு மூன்று முறை பாருங்கள். ஸ்டே கம்பிகள் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா, அடிக்கட்டையைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா, கம்பியை இறுக்கும் கிளிப்பின் சேணம் பாரம் தாங்குகிற கம்பி மேல் உட்கார்ந்திருக்கிறதா, நட்டுகள் இறுக்கமா, பேனல் அடியில் குளவி கூடு கட்டியிருக்கிறதா, மயில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறதா. அரை மணி நேர வேலை.

டவரில் ஏற்கனவே பெரிய பேனல் மாட்டியிருந்தால், இந்த வாரமே ஒரு தாளில் பேனலின் பரப்பையும் உயரத்தையும் எழுதி, மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். வருகிற எண்ணை டவர்க்காரர் எழுதிக் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அவர் எண்ணே கொடுக்கவில்லை என்றால் பேனலைக் கீழே இறக்கித் தனிக் கம்பத்துக்கு மாற்றுங்கள். அதுவரைக்கும், டவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது விழுகிற தூரத்துக்குள் மாட்டைக் கட்டாதீர்கள், ஆளையும் படுக்க விடாதீர்கள்.